பாறையில் ஊற்றிய கடல்தண்ணீர்

செங்கல்பட்டில் என்னோடு படித்தவர்களில் இன்னும் தொடர்பில் இருப்பவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் கேட்டுவிட்டேன். ஆறு பேருக்கு அப்படி ஒரு பந்தயம் நடந்ததே தெரியவில்லை. ஒருத்தி அது மாட்டு வண்டிப் பந்தயம் என்று சத்தியம் செய்கிறாள். மீதி இரண்டு பேருக்கு நினைவிருக்கிறது. ஆனால் இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் உங்களில் யாராவது திருத்துங்கள். நிச்சயமாகத் தெரிந்தது கொஞ்சம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது சைக்கிள் பந்தயம். மலைப் பந்தயம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். விடியற்காலையில் மகாபலிபுரம் கடற்கரையில் புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையிலிருந்து பிரியும் கல் குவாரிப் பாதையில் ஏறி, குன்றின் உச்சியில் முடியும். மலை என்று நாமாகச் சொல்லிக்கொண்டதுதான். ஊட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் கல் ஏற்றப் போகும் காலி லாரிகூட முதல் கியரில் முனகிக்கொண்டுதான் அதில் ஏறும். மூன்று வளைவுகள். கியர் இல்லாத சைக்கிளில் போனால் மூன்றாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வரும் என்பார்கள்.

பந்தயத்தை நடத்தியவர் சைக்கிள் கடை பாய். வாடகை சைக்கிள் விடும் கடை. வருஷம் முழுவதும் பஞ்சர் ஒட்டிவிட்டு, ஒரு நாள் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கையில் விசிலோடு நிற்பார். கோப்பை கொடுத்தவர் அரிசி மில் முதலாளி. நடுவர், எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். சொந்த மகனையே நீளம் தாண்டுவதில் கோட்டைத் தொட்டுவிட்டான் என்று வெளியே அனுப்பியவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களை பாய் இரண்டு ஜாதியாகப் பிரிப்பார். ரோட்டுக்காரன், ஏத்தக்காரன். ரோட்டுக்காரன் சமதரையில் பறப்பான், மேட்டைக் கண்டால் நுரை தள்ளுவான். ஏத்தக்காரன் சமதரையில் கடைசியாக வருவான். மேடு வந்ததும் ஒவ்வொருத்தனாகத் தாண்டுவான். என் சித்தப்பா ஏத்தக்காரர். அப்பாவின் கடைசித் தம்பி, அப்போது இருபத்துநாலு வயது. உடம்பில் எலும்பும் தொடையும் மட்டும்தான் இருக்கும்.

அவருடைய சைக்கிளைப் பாய்தான் கட்டிக் கொடுத்தார். மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை. பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குழந்தைகள் சைக்கிளிலிருந்து ஒரு சின்னச் சக்கரத்தை மாட்டியிருந்தார். சமதரையில் அதை ஓட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கால் தையல் மிஷின் மாதிரி சுற்றும், வண்டி நகராது. மேட்டில்தான் அதன் வேலை தெரியும்.

"பிரேக்கையும் கழட்டிடு பாய், கால் கிலோ கொறையும்" என்றார் சித்தப்பா ஒரு நாள்.

"இறங்கும்போது இன்னா பண்ணுவ? தரையில காலத் தேச்சுகினு வருவியா?"

"நான் இன்னாத்துக்கு இறங்கப் போறேன்? எனக்கு ஏர்றதுதான் வேல."

பாய் பிரேக்கைக் கழற்றவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சித்தப்பாதான் ஜெயித்தார். மூன்றாவது தடவையும் ஜெயித்தால் நீலகிரியில் நடக்கும் பந்தயத்துக்கு அனுப்புவதாக மில் முதலாளி சொல்லியிருந்தார். சித்தப்பா நிஜமான மலையைப் பார்த்ததில்லை. ஒரு காலண்டரிலிருந்து மலைப்பாதைப் படத்தைக் கத்தரித்துத் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வளைவுகளை விரலால் எண்ணுவார். பன்னிரண்டு. எனக்கும் காட்டியிருக்கிறார். "பாரு, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. முடியவே முடியாது" என்று சந்தோஷமாகச் சொல்வார்.

இப்போது பாட்டில் விஷயத்துக்கு வர வேண்டும்.

பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் ஒரு சின்ன மருந்து பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பாய் வைத்த விதி. முதல் வருஷம் யாரோ திருக்கழுக்குன்றத்தில் நடுவில் நுழைந்துவிட்டானாம். கடலிலிருந்து வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று இந்த ஏற்பாடு. உச்சிக்கு முதலில் வருகிறவனுடைய பாட்டிலை டிரில் மாஸ்டர் வாங்கி, தக்கையைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு இருந்தால் தலையாட்டிவிட்டு மீதியை அங்கே இருக்கும் பாறையில் ஊற்றுவார். கடல் மலைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டுவார்கள். வீட்டு உப்பைக் கரைத்து எடுத்து வந்தால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் கழித்து எனக்குத்தான் தோன்றுகிறது.

பந்தயத்தன்று நானும் போனேன். எனக்குப் பத்து வயது. உப்புமா அண்டாக்கள் ஏற்றிய பாயின் வேனில், எல்லோருக்கும் முன்னால் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் அன்று கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. பதினோரு சைக்கிள்கள் மணலில் படுத்துக் கிடந்தன. டீசல் வாடை, மீன் வாடை, பாயின் தேங்காய் எண்ணெய் வாடை. சித்தப்பா டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டே என்னிடம் பாட்டிலைக் கொடுத்தார். பழுப்புக் கண்ணாடி, பக்கத்தில் மருந்து அளவுக்கோடுகள்.

"ஓடிப் போய் தண்ணி புடிச்சுகினு வா."

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

பாட்டிலின் அடியில் ரோஸ் நிறத்தில் பழைய டானிக் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முகர்ந்தால் இனிப்பு வாடை. கழுவ வேண்டும் என்று தோன்றியது. சவுக்குத் தோப்பு ஓரத்தில் மீன்காரப் பெண்கள் கூடை கழுவும் அடிபம்பு ஒன்று இருந்தது. அங்கே போனேன். பம்பின் கைப்பிடி சில்லென்று இருந்தது, அது நிச்சயம். கடலுக்கும் போனேன், அதுவும் நிச்சயம். ஏனென்றால் ஒரு அலை வந்து என் இடதுகால் செருப்பைக் கொண்டுபோனது. புதுச் செருப்பு, நீல வார். அது தண்ணீரில் குப்புறக் கவிழ்ந்து போனது இப்போதும் கண்ணில் இருக்கிறது. நான் அழுதேன். நிரம்பிய பாட்டிலைச் சித்தப்பா கையில் கொடுத்ததும் நினைவிருக்கிறது. முதலில் பம்பா, முதலில் கடலா? கழுவிவிட்டுப் போய்க் கடலில் பிடித்தேனா, அல்லது செருப்பு போன பயத்தில் திரும்பி ஓடிவந்து பம்பிலேயே நிரப்பினேனா? அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. செருப்பு இருக்கிறது, தண்ணீர் இல்லை.

விசில் ஊதியதும் வேன் முன்னால் கிளம்பிவிட்டது. வழியில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. சித்தப்பா வழக்கம்போலக் கடைசியில் வந்துகொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அவர் மேட்டில் ஏறியதையும் நான் பார்க்கவில்லை. உச்சியில், டிரில் மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தேன். மாஸ்டர் அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர் கட்டியிருந்தார். நடுவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வளைவில் முதலில் தெரிந்தது சித்தப்பாவின் தலை. மற்றவர்கள் எழுந்து நின்று மிதிப்பார்கள். அவர் சீட்டிலிருந்து எழவே மாட்டார். பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கும் சாய்வாக வெட்டி வெட்டி வந்தார். ஏற்றத்தை அப்படித்தான் ஏமாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இரண்டாவதாக, ரொம்பப் பின்னால் வந்தார்.

மாஸ்டர் சித்தப்பாவின் பாட்டிலை வாங்கினார். உள்ளங்கையில் ஊற்றினார். நக்கினார். இன்னொரு தடவை ஊற்றி நக்கினார். பிறகு, பழக்க தோஷம், மீதித் தண்ணீரைப் பாறையில் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்த பிறகு சொன்னார்:

"இது கடல் தண்ணி இல்ல. உப்பு இல்ல."

சித்தப்பா சிரித்தார். மாஸ்டர் விளையாடுகிறார் என்று நினைத்தார்.

"இன்னா சார் சொல்ற?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "நல்லா நாக்குல போட்டுப் பாரு சார்!"

"ரெண்டு தபா பார்த்தாச்சு."

"மீதி எங்க? நாங்க பாக்கறோம்."

மீதி பாறையில் இருந்தது. "பாறைய நக்கிப் பாரு அண்ணாத்த!" என்று எவனோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நக்கவில்லை.

அடுத்து உப்பள அண்ணனின் பாட்டில். அவர் மாஸ்டரிடம் கொடுக்கவில்லை. "மொதலாளி, நீ பாரு" என்று மில் முதலாளியிடம் நீட்டினார். முதலாளி ஒரு வாய் வைத்துத் துப்பினார். "த்தூ! கரிக்குது." அந்தத் தண்ணீரும் அதே பாறையில் ஊற்றப்பட்டது.

அதற்குப் பிறகு ஒருவரும் மெதுவாகப் பேசவில்லை. கடைசியாக வந்துகொண்டிருந்தவன் எப்படித் திடீரென்று முதலில் வந்தான்? கல் லாரி பின்னால் தொங்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பான். அந்தக் குலுக்கலில் பாட்டில் கொட்டியிருக்கும். வழியில் ஏதோ குழாயில் நிரப்பிக்கொண்டான். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஐந்து நிமிஷத்தில் அது எல்லோரும் கண்ணால் பார்த்த விஷயம் ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை ஏறுவது.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணிய யார் புடிச்சது?" என்று மாஸ்டர் கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தான் சார்."

அது பொய் என்று அந்தக் குன்றில் எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து வயதில் நான் போட்ட கணக்கு இதுதான்: பொய் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார், அப்படியானால் லாரி நிஜம். போதாததற்கு அவருடைய வலது உள்ளங்கை கறுப்பாக இருந்தது, கிரீஸ். லாரிச் சங்கிலியில் கிரீஸ் இருக்கும். சைக்கிள் செயினிலும் இருக்கும் என்பது அன்று தோன்றவில்லை. அந்தக் கையை நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பாய் அவர் பின்னாலேயே முதல் வளைவு வரை போய்த் திரும்பி வந்தார். "பெரிய பேஜாராப் போச்சு. வாங்க, வாங்க, நாஸ்தா ஆறிடும்" என்று எல்லோரையும் கூப்பிட்டார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் பாறைக்குப் போனேன். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு நக்கினேன். கரித்தது. ஆனால் எந்தத் தண்ணீர் கரித்தது? உப்பள அண்ணனின் தண்ணீரும் அங்கேதான் இருந்தது. முந்தைய வருஷங்களின் வெள்ளை உப்புப் பொருக்குகளும் இருந்தன. போதாக்குறைக்கு நான் அழுதிருந்தேன்.

உப்புமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது பெரிய வேடிக்கை. அண்டாவில் பாயும் உப்பு போட்டிருக்கிறார், அவர் கடை ஆளும் உப்பு போட்டிருக்கிறான். ஒரு வாய் வைத்தவர்களெல்லாம் இலையைத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள். "பாய், கடலையே கிண்டிப் போட்டுகினு வந்துட்டியா?" என்று உப்பள அண்ணன்கூடக் கேட்டார். டிரில் மாஸ்டர் மட்டும் அமைதியாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். கட்டுப்பாடானவர், உணவைப் பழிக்க மாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தார்.

அதோடு பந்தயம் நின்றுபோனது. அடுத்த வருஷம் பாயிடம் கேட்டதற்கு, "ஏத்தக்காரனே இல்லாம இன்னாத்துக்கு மலப் பந்தயம்?" என்றாராம். சித்தப்பா சைக்கிளை விற்றுவிட்டார். அவருக்கு 'லாரி' என்று பெயர் வந்தது. டீக்கடையில் நுழைந்தால், "ஒதுங்குங்கப்பா, லாரி வருது" என்பார்கள். அவருடைய கல்யாணத்தில்கூட ஒருவர், "மாப்ள கார்ல வர்றாரா, இல்ல லாரியா?" என்று கேட்டார். பெண் வீட்டாருக்குப் புரியவில்லை. சித்தப்பா சிரித்தார். பிறகு மதுராந்தகத்தில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்துப் போனார். சமதரை ஊர், ஏரிக்கரை தவிர மேடே கிடையாது. பாட்டில் எங்கே போனது, டிரங்குப் பெட்டி எங்கே போனது, தெரியாது.

நான் நாற்பது வருஷம் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்பையும் கேட்டாயா என்று எத்தனையோ நிருபர்களைத் திட்டியிருக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு தரப்பையும் கேட்கவில்லை.

கொரோனாவில் எனக்கு ஜுரம் போன பிறகும் மூன்று வாரம் ருசி திரும்பவில்லை. ஒரு மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன். மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, அதை வைங்க! நானும் உப்பு போட்டுட்டேன், அவரும் போட்டுட்டாரு. வாயில வைக்க முடியல. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. எனக்கு அது வெறும் வெந்நீர். கரண்டியைப் பிடித்தபடியே இருந்தேன். அந்த மஃப்ளர் நினைவுக்கு வந்தது. இரண்டாவது தடவை போடச் சொன்ன உப்புமா நினைவுக்கு வந்தது. ஜுரத்தில் கிடந்து எழுந்து வந்த மனிதராக இருந்திருக்க வேண்டும். நாக்கு செத்துப்போயிருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் நாக்குக்கு அன்று கடலே தித்தித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இது நிரூபணம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாஸ்டரும் பாயும் இறந்து எவ்வளவோ வருஷமாகிறது. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? இரண்டு வருஷம் இருந்தேன். போன மாதம் மகளோடு படூர் போனேன்.

சித்தப்பா அங்கே மகன் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறார். எழுபத்தேழு ஆகிறது. சித்தி இல்லை. மருமகள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனதும் நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மஃப்ளர், ஜுரம், உப்புமா, என் ரசம். உப்புமாவை மட்டும் திரும்பக் கேட்டார்.

"ரெண்டு தபா வாங்கித் தின்னாரா?"

"ஆமாம் சித்தப்பா. எல்லாரும் துப்பினாங்க. அவர் மட்டும் தின்னார்."

"எனக்குத் தெரியாது. நான்தான் இறங்கிட்டனே."

பால்கனிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நீ கடல்லதான் புடிச்சியா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நீ பம்பு பக்கத்துலேர்ந்து வந்த. ஒரு கால்ல செருப்பு இல்ல. அழுதுகினு இருந்த. அலைக்கு பயந்துகினு பம்புலயே புடிச்சுட்டு வந்துட்டன்னு மேல நிக்கும்போதுதான் தோணுச்சு." டீயைக் கீழே வைத்தார். "பத்து வயசுப் புள்ள. அத்தினி பேர் எதிர்ல உன்னக் கைய காட்டச் சொல்றியா?"

ஐம்பத்து மூன்று வருஷமாக அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் பந்தயம் போனது, நீலகிரி போனது.

பம்பின் சில்லிப்பை நினைத்துப் பார்த்தேன். அலையை நினைத்துப் பார்த்தேன். செருப்பு மறுபடி கவிழ்ந்து போனது. அதற்கு அடுத்தது வரவில்லை.

"கடல்லதான் சித்தப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் கேட்டேன்: "நீங்க லாரியைப் பிடிச்சீங்களா?"

"இல்ல" என்றார்.

இரண்டு பதில்களும் ஒரே வேகத்தில் வந்தன. என் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் கையில் இருந்த கிரீஸைப் பற்றி நான் கேட்கவில்லை. என் பதிலை அவர் துருவவில்லை.

புறப்படும்போது எங்களோடு லிஃப்ட்டில் கீழே வந்தார். கார் நிற்கும் இடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மகள் வண்டியை எடுப்பதற்குள், "சரி, நான் மேல போறேன்" என்று கார்கள் ஏறும் சரிவைப் பார்த்து நடந்தார்.

"லிஃப்ட்ல போங்க சித்தப்பா."

"அதுல இன்னா கீது?"

நேராக ஏறவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் சாய்வாக வெட்டி வெட்டிப் போனார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் பையன் ஹாரன் அடித்தான். அவர் ஒதுங்கவில்லை. மகள், "அம்மா, ஏறுங்க, நேரமாச்சு" என்றாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். அவர் தலை வெளிச்சத்தில் தெரிந்து, பிறகு தோள் தெரிந்து, முழுதாக மேலே போய்ச் சேரும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை மட்டும் நான் பார்த்தேன். இதை யாரும் திருத்த வேண்டாம்.